ரிஸ்வான் நானாவின் யூ.பி.எஸ்ஸும் என் வயிற்றெரிச்சலும்

பக்கத்து வீட்டுக்காரர் கார் வாங்கினால்கூட நான் தாங்கிக்கொள்வேன். என் மனைவி அவரைப் புகழ்ந்தால்தான் தாங்காது.

ஹந்தானை ரோட்டில் எங்களுக்கு அடுத்த வீடு, எல்லாரும் அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் ரிஸ்வான் நானாவுடையது. மின்வெட்டுக் காலத்தில் அவர் ஒரே யூ.பி.எஸ்ஸில் மூன்று கம்ப்யூட்டர்களை ஓட்டினார். கரண்ட் போனதும் முதல் கம்ப்யூட்டர் மற்ற இரண்டுக்கும் நெட்வொர்க்கில் செய்தி அனுப்பும். அவை வேலையைச் சேமித்துவிட்டுத் தாமாகவே அணையும். அதைப் பார்த்துவிட்டு வந்த சுமதி, "என்னா மூளைங்க அவருக்கு!" என்றாள். (இத்தனை வருசம் என்கூடக் குடித்தனம் நடத்துறவ வாயால!) எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

அடுத்த வாரமே அதைவிடப் பெரிய யூ.பி.எஸ் வாங்கி, எங்கள் இரண்டு கம்ப்யூட்டரையும் ரவுட்டரையும் அதில் மாட்டினேன். என் கம்ப்யூட்டர் ரவுட்டர் வழியாகச் சுமதியின் கம்ப்யூட்டருக்குச் செய்தி அனுப்ப, எல்லாம் சரியாகத்தான் வேலை செய்தது. ஆனால் இது நானாவுக்குத் தெரிய வேண்டாமா? ரவுட்டரைப் பிடுங்கிச் சுவர் பிளக்கில் சொருகிவிட்டு, அந்த இடத்தில் வராந்தா பல்பை மாட்டினேன். ஊரே இருளும்போது எங்கள் வீடு மட்டும் ஜொலிக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் சுமதி ஒரு கல்யாண ஆல்பம் செய்துகொண்டிருந்தாள். அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய ஆர்டர். மறுநாள் காலை பெண் வீட்டார் வருகிறார்கள். கரண்ட் போனது.

"என்னங்க, சேவ் பண்ணிரவா?"

"தொடாத! அதுவே பண்ணிக்கும்!" என்று வராந்தாவிலிருந்து கத்தினேன். அவளும் நல்ல பிள்ளையாகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் பல்புக்கடியில் நின்று நானா வீட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சீட்டு விளையாட்டைத் தவிர வேறெதுவும் இல்லாத என் கம்ப்யூட்டர் ஒழுங்காக அணைந்தது. ரவுட்டர் செத்துக் கிடந்ததால், சுமதியின் கம்ப்யூட்டருக்குச் செய்தி போகவே இல்லை. பல்பும் சேர்ந்து பேட்டரியை உறிஞ்ச, கொஞ்ச நேரத்தில் எல்லாம் ஒரேயடியாக இருண்டது.

"ஐயோ, என் ஆல்பம்!"

அலறலைக் கேட்டு ஓடிவந்த நானா, டோர்ச் அடித்துப் பார்த்தார். "தம்பி, ரவுட்டர எடுத்துட்டா பல்பப் போட்டீங்க? ஏன்?"

நான் வாயைத் திறப்பதற்குள் சுமதியே சொன்னாள்: "ஒங்களுக்குக் காட்டத்தான் நானா."

கரண்ட் வந்ததும் கேமரா கார்டை எடுத்துக்கொண்டு போய், ஆல்பத்தை முதலிலிருந்து செய்து முடித்தாள். (நானா வீட்லதான், வேற எங்க? எங்க யூ.பி.எஸ்ஸ இனி நம்புவாளா?) பெண் வீட்டாருக்கு ரொம்பப் பிடித்ததாம். நன்றியெல்லாம் நானாவுக்குப் போனது. எனக்கு இன்னும் எரிகிறது.

இப்போதும் விருந்தாளி யார் வந்தாலும், சுமதி இந்தக் கதையைச் சொல்லாமல் தேத்தண்ணி கொடுப்பதில்லை. போன மாதம் நானா தன் கூரையில் சோலார் போட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டு ஏணியைக் காணோம்.

கேட்டால், "ஒங்களுக்கு எதுக்குங்க ஏணி?" என்கிறாள்.