ஹபீபுல்லா எத்தனை தடவை வெளியே போனார்?

டாக்டரிடம் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்றுதான் ஷரபுன்னிசாவுக்குப் பயம். படித்தது மூன்றாங்கிளாஸ். அவள் தப்பாகச் சொல்லி, அவர் தப்பாக மருந்து கொடுத்து, புருஷனுக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால்?

அவள் புருஷன் ஹபீபுல்லாவுக்குப் பெருங்குடலில் புண்.

"இது அடங்கும், திரும்பக் கிளம்பும். முழுசா விட்டுப் போகாது," என்று தைரியராஜ் டாக்டர் விளக்கினார். "அதோட குடித்தனம் நடத்தப் பழகிக்கணும்."

"ஏற்கெனவே ஒண்ணோட நடத்திக்கிட்டுத்தானே இருக்கேன்," என்றார் ஹபீபுல்லா.

டாக்டர் அவரை விட்டுவிட்டு அவளிடம் திரும்பினார். "காரம், கறி ஆகாது. ஒரு வாரத்துக்கு இவர் வெளியே போறப்பல்லாம் காலண்டர்ல ஒரு கோடு போட்டு வைங்கம்மா."

கக்கூஸ் தெருமுனையில். "வெளியே போறேன்" என்று வயிற்றைப் பிடித்தால் யாரும் குறுக்கே நிற்பதில்லை. இந்த வசதி ஹபீபுல்லாவுக்கு இரண்டே நாளில் புரிந்துவிட்டது. சில தடவை போனவர் முக்கால் மணி கழித்துத் திரும்பினார். கூடவே காந்தி மார்க்கெட் சால்னா மணமும் வந்தது.

"ஏங்க இவ்வளவு நேரம்?"

"லேசுல விடுதா?"

"மீசையில என்னங்க எண்ணெய்?"

"வேர்வை. முக்கிப் பார்த்தாத்தான் தெரியும் உனக்கு."

அவளுக்கு எல்லாம் தெரிந்தது. ஆனாலும் டாக்டர் பேச்சை மீறப் பயம். வெளியே போனார், கோடு போட்டாள்.

வாரக் கடைசியில் டாக்டர் காலண்டரைப் பார்த்து முகம் சுளித்தார். "நேத்து மட்டும் பன்னிரண்டா? இதுக்கு மாத்திரை பத்தாது. ஆஸ்பத்திரியில படுக்க வச்சு தினம் எனிமா கொடுக்கணும்."

ஹபீபுல்லா நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "அதுல நாலு, சும்மா வெளியே போனதுங்க."

"சும்மான்னா?"

"மார்க்கெட்டுக்கு."

"மார்க்கெட்ல என்ன?"

"ஈரல் வறுவல்," என்றார் மெதுவாக.

"அந்த நாலு தடவை போனதாலதான்யா மத்த எட்டும்," என்றார் டாக்டர். "ஒரு மாசம் கஞ்சி."

"எந்தக் கோட்டை அடிக்கணும்னு சொல்லுங்க டாக்டர், அடிச்சிடறேன்," என்றாள் ஷரபுன்னிசா, பென்சிலை எடுத்து.

இனி எந்த வம்பும் வேண்டாம் என்று அவள் ஒரு வழி செய்துகொண்டாள். 'வெளியே' என்று அவர் வாயெடுத்ததும் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு கூடவே போனாள். கக்கூஸ் வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கிற குரலில், "ஆச்சுங்களா?" என்றாள்.