ஈரம் கழித்த எடை

ஐம்பத்து மூன்று வயதில், பள்ளித் தோழர்கள் கூடி எடுக்கவிருந்த ஒரு குரூப் போட்டோவுக்காக வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி எடுத்துக்கொண்டவன் நான். அதில் பட்டன் போட்ட கோட்டுடன் நிற்க வேண்டும் என்பது ஆசை. நடந்தே குறைத்திருக்கலாமே என்பவர்களுக்கு என் பதில்: நடந்தால் மூச்சு வாங்குகிறது. இந்த ரகசியம் என் மனைவிக்கு அடுத்தபடி எடைக்காரருக்கு மட்டுமே தெரியும்.

மலைமேல் இருக்கும் எங்கள் நாகலூரில் கடவுளுக்கு அடுத்து எல்லா உயிர்களின் பாரத்தையும் அறிந்தவர் எடைக்காரர்தான். எங்கள் வீட்டை ஒட்டிய எஸ்டேட்டில் காப்பிப் பழ மூட்டைகளை எடை போடுவது அவர் வேலை. மூட்டை வராத நேரத்தில் தபால்காரர், பலாப்பழம், மேனேஜரின் நாய் என்று எது கிடைத்தாலும் இரும்புத் தராசில் ஏற்றிவிடுவார். சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்துத்தான் எடை சொல்வார். மழையில் நனைந்து வந்த புதுமாப்பிள்ளைக்கே இரண்டு கிலோ ஈரம் கழித்தவர்.

சேலத்து டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார்: "இது எடை குறைக்கிற வைத்தியம் இல்லை, வடிவத்தைத் திருத்துகிற வேலை. ஆபரேஷன் வரைக்கும் எடை ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. சிகரெட்டை விட்டுடணும். கூட ஓர் ஆள் வரணும்."

மனைவி மகளின் பிரசவத்துக்காக மதுரையில் இருந்தாள். எனவே மூன்று பொறுப்பும் எடைக்காரர் தலையில் விழுந்தது. தினமும் தராசில் நிறுத்தினார்.

"ஏனுங்க சார், சிகரெட்டு வாசம் அடிக்குதுங்களே?"

"பஸ்ஸில பக்கத்துல ஒருத்தர் பிடிச்சார்."

"அவரு உங்க சட்டைப் பைக்குள்ளயா உக்காந்துட்டு வந்தாரு?"

அன்றோடு விட்டேன்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது எடைக்காரர் நர்ஸோடு வாக்குவாதத்தில் இருந்தார்.

"மூணு லிட்டர் எடுத்திருக்கோம்ங்க."

"கொழுப்பை யாராச்சும் லிட்டர்ல அளப்பாங்களா சிஸ்டர்? இத்தாப்பெரிய ஆஸ்பத்திரியில ஒரு தராசு இல்லீங்களா?"

மார்பு முதல் தொடை வரை எனக்கு ஓர் இறுக்கமான கச்சையை மாட்டியிருந்தார்கள். அதைத் தொட்டுப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். "மூட்டை நல்லாத்தானுங்க கட்டியிருக்காங்க."

தையல் வழியே நீர் கசியும் என்று நர்ஸ் எச்சரித்ததால், கார் சீட்டில் காப்பி காயப்போடும் தார்ப்பாயை விரித்து என்னைக் கிடத்தினார். அடிவாரம் தாண்டியதும் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் நான் "அம்மா" என்றேன். அவர், "பன்னெண்டு முடிஞ்சுதுங்க, இன்னும் எட்டுத்தான்" என்றார்.

மூன்றாம் நாள் தராசில் ஏறினேன். முன்பைவிட ஒன்றரை கிலோ கூடுதல்.

எடைக்காரர் முகம் சிவந்தது. "சரக்கை எடுத்துட்டுத் தண்ணிய ஏத்தி உட்டுட்டாங்க சார்! போனப் போடுங்க!"

போட்டேன். டாக்டர் சிரித்துவிட்டு, "அவர் சொன்னது பாதி சரி. ஆபரேஷனுக்காக உள்ளே செலுத்தின நீர் கொஞ்சம், மீதி வீக்கம். வாரக்கணக்கில் வடியும். கச்சையோடு மெதுவா நடங்க" என்றார்.

"அப்படிச் சொல்லுங்க, ஈரச் சரக்கு!" என்று எடைக்காரர் சமாதானமானார். "களத்துல போட்டுப் பெரட்டுனா காஞ்சிரும்."

போட்டோவுக்கு ஆறு வாரம் இருந்தது. காலைதோறும் காப்பிக் களத்தைச் சுற்றி என்னை நடத்தினார். காப்பியைக் கிளறிய பெண்களில் ஒருத்தி, "சாரை எதுக்குங்க செக்குல கட்டுன மாதிரி சுத்த உடறீங்க?" என்றாள்.

"பாவம், குடலிறக்கம் புள்ள. நொம்ப செரமப்பட்டுட்டாரு."

நூறு கிராம்கூட விட்டுக்கொடுக்காத மனிதர் எனக்காகச் சொன்ன ஒரே பொய் அது. ஊரே எனக்குக் கஞ்சி கொடுத்தனுப்பியது.

ஆறாவது வாரம் கோட்டுக்குப் பட்டன் போட முடிந்தது. போட்டோவுக்கு நின்றேன். பிரிண்டைத் தூக்கிக்கொண்டு களத்துக்கு ஓடினேன். மூச்சு வாங்கவில்லை என்பது அங்கே போன பிறகுதான் உறைத்தது.

எடைக்காரர் போட்டோவைத் தூரத்தில் பிடித்தும் கிட்டத்தில் பிடித்தும் பார்த்தார். உயரமானவன் என்று என்னைக் கடைசி வரிசையில் நிறுத்தியிருந்தார்கள்.

"ஏனுங்க சார், கழுத்து வரைக்கும்தானுங்க தெரியறீங்க. இதுக்கு எதுக்குங்க வயித்துல கை வெச்சீங்க?" என்றார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "செரி, வாங்க நடக்கலாம். இன்னும் ஈரம் இருக்குதுங்க."