சோசியாலஜி வீட்டின் குடும்பத் தலைவர்

ஐந்தாம் வகுப்பு முடித்த சொந்த மகளிடம், டீக்கடை வரைக்கும் போய்வர அனுமதி கேட்டுக் கைகட்டி நின்ற தகப்பன் தமிழ்நாட்டிலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் விருத்தாசலத்தில், எங்கள் காம்பவுண்டில், எனக்கு அடுத்த போர்ஷனில் குடியிருந்தார்.

அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்தது. சம்பளப் பட்டியல் எழுதுகிற எனக்கே அது சட்டென்று நினைவுக்கு வராது. ஊருக்கு அவர் சோசியாலஜி. கரண்டுப் பலகையில் மாட்டுகிற பியூஸ் கேரியர் செய்கிற ஒரு பீங்கான் கம்பெனியில் அவர் சூளைப் பிரிவு சூப்பர்வைசர். நான் ஆபீஸ் கிளார்க், கல்யாணமாகாதவன். இரண்டாயிரத்தைத் தாண்டிய முதல் சில வருடங்கள் அவை. சூளைச் சூட்டில் உட்கார்ந்தே தபால் வழியில் எம்.ஏ. சமூகவியல் படித்து, பாஸும் ஆகிவிட்டார். பாஸானதிலிருந்து அவர் கண்ணுக்கு மனிதர்கள் தெரியவில்லை. மாமியார் பாத்திரம், மருமகள் பாத்திரம், மூத்த பிள்ளை பாத்திரம் என்று பாத்திரங்கள்தான் தெரிந்தன.

ஒரு நாள் லோடு ஏற்றுகிற ஏழுமலை வந்து, “நேத்து எங்க வூட்ல ஒரே சண்டைங்க சார்” என்றான்.

“அது சண்டை இல்ல ஏழுமல. குடும்பத்துல ஆளுக்கொரு பாத்திரம் இருக்குது. உன் பாத்திரமும் உன் சம்சாரத்தோட பாத்திரமும் மோதிக்கிச்சு.”

ஏழுமலை நெற்றியைத் தடவிக்கொண்டே யோசித்தான். “ரெண்டு இல்லீங்க சார். ஒரு குண்டான்தான். அது எம் மேலதான் மோதிச்சு.”

வீட்டில் இந்தப் பேச்சுக்கு வேறு மாதிரி மரியாதை. அவர் மனைவி மல்லிகா அக்கா, பாதி விளக்கத்திலேயே, “பாத்திரத்தைப் பத்திப் பேசினது போதுங்க. தொட்டியில கெடக்கறதைக் கழுவுங்க” என்று முடித்துவிடுவார்.

அந்த வருடம் பரீட்சை லீவு விட்டதும் சோசியாலஜி ஓர் அறிவிப்பு வெளியிட்டார். ஸ்கூல் திறக்கும் வரை அவர் வீட்டில் பாத்திரங்கள் மாற்றப்படுகின்றன. ஒரே மகள் பூங்கொடி இனிமேல் குடும்பத் தலைவர். சோசியாலஜி, பிள்ளை.

“அப்ப நானு?” என்றார் மல்லிகா அக்கா.

“நீ அப்பா. நடுவுல யாரும் மாத்திக்கக் கூடாது.”

மல்லிகா அக்கா கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு, நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டு, பேப்பரைப் பிரித்து உட்கார்ந்து, “காப்பி ஆச்சா?” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். எம்.ஏ. படிக்காமலே சமூகவியலை முழுசாகப் புரிந்துகொண்டவர் அவர்தான்.

நான் மெல்ல, “சின்னப் புள்ள சார், பாவம்” என்று சொல்லிப் பார்த்தேன்.

“சின்னப் புள்ளைன்னு யாரு முடிவு பண்ணினது? ஒரு காலத்துல கொழந்தப் பருவம்னு தனியா ஒண்ணு கெடையாது தம்பி. நடக்கத் தெரிஞ்சா வேலைக்குப் போவணும், அவ்ளோதான். கொழந்தைங்கறதே சமூகம் செஞ்ச சாமான்.”

“நம்ம பியூஸ் கேரியர் மாதிரியா சார்?”

“அதே மாதிரிதான்” என்றார், கொஞ்சம்கூடச் சிரிக்காமல்.

பிள்ளை வேலையை அவர் அசுர சாதகம் செய்தார். சாயங்காலம் கம்பெனி விட்டு வந்ததும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு காம்பவுண்டுப் பையன்களோடு கோலி ஆட உட்கார்ந்துவிடுவார். சீக்கிரமே பையன்கள் கூட்டமாகப் போய்ப் பூங்கொடியிடம் முறையிட்டார்கள்.

“உங்கப்பா அழுவுணி ஆட்டம் ஆடுறாரு. தோத்தா கோலியைக் குடுக்க மாட்டேங்கறாரு.”

பூங்கொடி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தாள். “குடுத்துடுப்பா. இல்லாட்டி நாளைக்கு வெளிய வுட மாட்டேன்.”

சூளையில் ஐம்பது பேரை மேய்க்கிற மனிதர் பைக்குள் கைவிட்டு ஒவ்வொரு கோலியாக எடுத்துக் கொடுத்தார். கடைசி ஒன்றைக் கொடுக்க மனமே இல்லாமல் உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

இதெல்லாம் காம்பவுண்டுக்குள் சிரிப்பாகவே போயிருக்கும். ஆனால் ஒரு நாள் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து அவருடைய அக்கா வந்தார். உயரமான, கணீர்க் குரல்காரர். இந்த அக்கா வருகிறார் என்றால் சோசியாலஜி சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொள்வார். அவ்வளவு பயம். அன்று முன்னறிவிப்பு இல்லாமல் கையில் பலாப்பழத்தோடு பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார். வாசலில் தம்பி மனைவி பேப்பர் படிக்கிறார். மரத்தடியில் தம்பி முட்டி போட்டுக் கோலி அடிக்கிறார். உள்ளே பூங்கொடி பால் காய்ச்சுகிறாள். அக்கா பலாப்பழத்தைக் கீழே வைக்கக்கூட மறந்து நின்றார்.

“என்னாடா நடக்குது இந்த வூட்ல?”

சோசியாலஜி விளக்கினார். அக்காவுக்குப் புரிந்ததெல்லாம் தம்பிக்குப் புத்தி பிசகிவிட்டது என்பதுதான். அதற்கு மேல் பெரிய விஷயம் ஒன்று அப்போதுதான் வெளியே வந்தது. பீங்கான் பொம்மைக்கு வர்ணம் தீட்டுகிற யூனிட் ஒன்றில் மல்லிகா அக்காவை வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். போக அவருக்குக் கொள்ளை ஆசை. நன்றாகக் கோலம் போடுகிற கை. ஆனால் நாத்தனார் ஏற்கெனவே ஒரு தடவை கூடாது என்று சொல்லி நிறுத்தியிருந்தார்.

“நம்ம குடும்பத்துல எந்தப் பொம்பளயும் கம்பெனிக்குப் போனதில்ல. நீ சொல்லுடா” என்று தம்பியைப் பார்த்தார் அக்கா.

எல்லாரும் அவரைப் பார்த்தோம். சோசியாலஜி கையிலிருந்த கோலியைப் பைக்குள் போட்டார். “நான் சின்னப் புள்ளக்கா. தலைவரைக் கேளுங்க.”

பூங்கொடி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். அம்மாவைப் பார்த்தாள். “அம்மா வேலைக்குப் போவட்டும் அத்தே” என்றாள்.

அக்கா பலாப்பழத்தோடேயே அடுத்த பஸ் பிடித்தார்.

மல்லிகா அக்கா வேலைக்குப் போனார். சாயங்காலம் விரல் நகத்தில் நீலமும் சிவப்பும் ஒட்டியிருக்க, அதைக் கழுவாமலே காம்பவுண்டுப் பெண்களிடம் காட்டிக்கொண்டிருப்பார். சோசியாலஜி தன் பரிசோதனை வெற்றி என்று கம்பெனி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஆனால் பூங்கொடியிடம் ஒரு மாற்றம் வந்திருந்தது. குழாயில் தண்ணீர் வருகிற நேரத்துக்கு அவளாகவே குடத்தோடு நிற்பாள். அப்பா மாம்பழம் வாங்கி வந்தால், “இப்ப எதுக்கு இது?” என்பாள். சாயங்காலம் மற்ற பெண்கள் பாண்டி ஆடக் கூப்பிட்டால், “கேஸ் தீரப் போவுது, சொல்லணும்” என்று உள்ளே போய்விடுவாள். என்னைப் பார்த்தால் மாமா என்று ஓடி வருகிறவள், பெரிய மனுஷிபோல் தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

ஒரு நாள் சாயங்காலம் கோடை மழை பிடித்தது. சூடு தாங்காமல் வதங்கிக் கிடந்த காம்பவுண்டுப் பிள்ளைகள் அத்தனையும் வெளியே குதித்தன. கூட சோசியாலஜியும். கையை விரித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி ஆடினார். பூங்கொடி மட்டும் காய வைத்த மிளகாயை ஓடி ஓடி முறத்தில் அள்ளிக்கொண்டிருந்தாள்.

“வாடி பூங்கொடி” என்று பிள்ளைகள் கத்தின.

“எனக்கு வேல இருக்குது” என்றாள் அவள். முறத்தைத் தாவணிக்காரிபோல இடுப்பில் இடுக்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

சோசியாலஜி ஆட்டத்தை நிறுத்திவிட்டார். மழையிலேயே நின்று அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொட்டச் சொட்ட என் போர்ஷனுக்கு வந்தார்.

“கொழந்தப் பருவம் சமூகம் செஞ்சதுன்னு படிச்சேனே தம்பி. செஞ்சதுன்னா யாராச்சும் நின்னு செஞ்சு குடுத்தாத்தான உண்டு. எங்க வூட்ல அதைச் செய்ய ஆளில்லாம பூட்டுது.”

துண்டைக் கொடுத்தேன். துடைத்துக்கொள்ளாமலே திரும்பி அவர் வீட்டுக்குப் போனார். என்னவோ என்று நானும் பின்னால் போனேன்.

“பூங்கொடி, போதும்மா. நானே அப்பாவா இருந்துக்கறேன்” என்றார்.

“மாட்டேன்.”

“ஏம்மா?”

“நடுவுல மாத்தக் கூடாதுன்னு நீதான சொன்ன.”

சோசியாலஜி என்னைத் திரும்பிப் பார்த்தார். மிளகாயைத் தட்டில் பரப்பிக்கொண்டே பூங்கொடி தலை நிமிராமல் பேசினாள்.

“நீ அப்பா ஆயிட்டா, அத்தை வந்து கேட்டா சரின்னுடுவ. அம்மா வேலைய வுட்டு நின்னுடணும்.”

உள்ளறையில் பெயின்ட் விரல்களோடு மல்லிகா அக்கா அப்படியே நின்றார். அந்தக் குழந்தை பதவியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது எதற்கு என்று எங்கள் மூவருக்கும் அப்போதுதான் விளங்கியது.

சோசியாலஜி சட்டையை மாட்டினார். கழுத்துப் பொத்தான் வரை போட்டார். “வா” என்று மகள் கையைப் பிடித்துக்கொண்டு டீக்கடைக்கு நடந்தார். நானும் கூடவே போனேன். அங்கேதான் காயின் பாக்ஸ் போன் இருந்தது. மழைக்கு ஒதுங்கிய கூட்டம் வேறு. அத்தனை பேர் நடுவில் ஸ்ரீமுஷ்ணத்துக்குப் போன் போட்டார்.

“அக்கா, நாந்தான். அப்பா பேசறேன்... இல்லக்கா, நம்ப அப்பா இல்ல, அவரு செத்துத்தான் போயிட்டாரே. பூங்கொடி அப்பா.”

டீக்கடையில் யாரோ சிரித்தார்கள். அவர் காதில் அது விழவில்லை.

“மல்லிகா வேலைக்குப் போறா. போய்க்கிட்டேதான் இருப்பா. புள்ள சொன்னதில்ல, நான் சொல்றேன்... கோவிச்சுக்காதக்கா. கோவிச்சுக்கிட்டாலும் அவ போவா.”

அந்தப் பக்கம் அக்கா பேசியது ரிசீவரைத் தாண்டி எங்களுக்கே கேட்டது. சோசியாலஜி முழுவதையும் கேட்டார். “சரிக்கா, உடம்பப் பாத்துக்க” என்று சொல்லி வைத்தார். பூங்கொடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் கையை விட்டுவிட்டு, தேங்கிய தண்ணீரையெல்லாம் மிதித்துத் தெறிக்கவிட்டபடி காம்பவுண்டுக்கு ஓடினாள்.

அக்கா அந்தத் தீபாவளிக்கு வரவில்லை. பொங்கலுக்கு வந்தார். போகும்போது மல்லிகா அக்கா வர்ணம் தீட்டிய மயில் பொம்மை ஒன்றைக் கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

போன் போட்டுவிட்டு வந்த சாயங்காலமே சோசியாலஜி அடுப்படிக்குப் போய்விட்டார். மனைவி வேலையிலிருந்து களைத்து வந்திருக்கிறாள், மகள் வெளியே ஆடிக்கொண்டிருக்கிறாள், சமையல் இனி தகப்பன் பாத்திரத்திலும் சேர்த்தி என்றார். பருப்பு ரசம் வைத்து எனக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்து நீட்டி, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். புளி ஒரு பக்கமும் உப்பு ஒரு பக்கமும் இழுத்த அந்த ரசத்தை மனிதர்கள் குடிக்க முடியாது. நான் குடித்துவிட்டு, இன்னொரு டம்ளர் கேட்டேன்.