வெயிட்டால் வகுக்கப்பட்ட நான்

உடல் எடையைப் பற்றி அறிவுரை சொல்கிறவர்கள் யாரும் நாம் கேட்டதற்காகச் சொல்வதில்லை. எங்கள் அம்பத்தூர் சைக்கிள் குழுவின் தலைவர் பிரபாகரும் அப்படித்தான். ஆள் ஊதுவத்தி மாதிரி இருப்பார். நான்... (வேண்டாம், விடுங்கள்.)

ஒருநாள் என் சைக்கிளில் ஒரு மீட்டரை மாட்டி மிதிக்கச் சொன்னார். கால் பெடலில் எவ்வளவு பலம் இறக்குகிறது என்று வாட் கணக்கில் காட்டும் கருவி. மிதித்தேன். குழுவிலேயே பெரிய எண் என்னுடையதுதான்! பெருமையில் மூச்சு வாங்கியது (வேறு காரணமும் உண்டு).

"சூப்பர்க்கா. ஆனா இத்த உங்க வெயிட்டால வகுக்கணும்" என்றார். வகுத்தார். கடைசி இடம்.

"மேம்பாலம் ஏறச்சொல்லோ வெயிட்டும் கூடவே ஏறுதுல்லக்கா?"

அடுத்த ஞாயிறு வெள்ளானூர் பக்கம் மேம்பாலம் ஏறும் போட்டி. வகுக்கும் எண்ணைக் குறைத்தே தீருவது என்று சனிக்கிழமை முழுக்கப் பட்டினி கிடந்தேன். காலையில் சைக்கிளிலிருந்து பெல், பம்பு, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் கழற்றினேன். காதுக் கம்மலைக் கழற்றும்போது என் கணவர் பாஸ்கர் விழித்துக்கொண்டார்.

"இன்னா, அடகு வைக்கப் போறியா?"

"வெயிட்டு குறைக்கிறேன்."

அவர் மறுபடி படுத்துவிட்டார்.

பாலத்தில் பாதிகூட ஏறவில்லை, கண் இருட்டியது. கால்கள் ராஜினாமா செய்தன. "வுடாதீங்கக்கா!" என்று கத்திக்கொண்டே பிரபாகர் கடந்துபோனார். நான் ஓரமாக இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கீழே வந்தேன். அங்கே அம்மன் கோயில் வாசலில் ஆடிக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். போட்டியாவது ஒன்றாவது! இறுக்கமான அரைக்கால் சட்டையோடு வரிசையில் நின்றேன்.

கூழ் ஊற்றிய அம்மா மேலும் கீழும் பார்த்தார். "இன்னாம்மா, பாதி துணிதான் கீது, ஏனத்தையும் காணோம்?"

ஹெல்மெட்டைக் கழற்றி நீட்டினேன். (அதில் ஓட்டைகள் இருப்பது பசியில் தெரியவில்லை.) தலையில் அடித்துக்கொண்டு ஒரு செம்பு கொடுத்தார். உட்கார்ந்தேன். கூடவே கருவாட்டுக் குழம்பு!

என் போன், நான் இருக்குமிடத்தை வீட்டிலிருந்த பாஸ்கருக்குப் புள்ளியாகக் காட்டிக்கொண்டிருந்தது. புள்ளி நகரவே இல்லை. கூப்பிட்டும் நான் எடுக்கவில்லை (இரண்டு கையிலும் வேலை). லுங்கியோடு ஸ்கூட்டரில் பறந்து வந்தவர், சாலையோரக் கூட்டத்தைப் பார்த்ததும் வண்டியை அப்படியே போட்டுவிட்டு உள்ளே பாய்ந்தார்.

"ஐயோ, என் பொண்டாட்டி!"

கூட்டம் விலகியது. வெங்காயத்தைக் கடித்தபடி நான் நிமிர்ந்தேன்.

"ஏய்... உயிரோட கீறியா?"

"ரெண்டாவது செம்பு போய்கினு கீது."

அதற்குள் குழுவும் திரும்பி வந்து வேடிக்கை பார்த்தது. "முடியலன்னா ஸ்கூட்டர்லயே பூடுங்கக்கா" என்றார் பிரபாகர், ரொம்ப இரக்கமாக.

அந்த இரக்கம்தான் எனக்கு ஆகாது. ஏறினேன் சைக்கிளில். திரும்பும் வழி சமதரை, எதிர்க்காற்று வேறு. அங்கே ஏற வேண்டியது எதுவுமில்லை. காற்றைக் கிழிக்க வேண்டும். அதற்கு வாட் போதும், வகுத்தலை யார் கேட்டார்கள்? நான் முன்னால் போக, ஊதுவத்திகள் எல்லாம் காற்றுக்குப் பயந்து என் முதுகுக்குப் பின்னால் மண்ணூர்பேட்டை வரை வரிசை கட்டி வந்தன.

"அக்கா, கொஞ்சம் மெதுவா..."

எனக்குக் கேட்கவில்லை. (கேட்டது.)

அதற்குப் பிறகு நான் ஒரு வேளைகூடப் பட்டினி கிடந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சொந்தக்காரர்கள் யாராவது போன் செய்து என்னைக் கேட்டால், பாஸ்கர் இன்றும் சொல்கிறார்: "சைக்கிள்ல போயிருக்கா. புள்ளி நின்னுபோச்சுன்னா பயப்படாதீங்க, எங்கியோ பந்தி நடக்குதுன்னு அர்த்தம்." வீடே சிரிக்கும்.

சிரிக்கட்டும். எதிர்க்காற்று அடிக்கும் நாளில் மொத்தக் குழுவும் தேடுவது என் முதுகைத்தான்.