காருக்கு ஓர் இருமல்

பல் டாக்டர் காரைக் கிளப்பியதும் பின்பக்கமிருந்து குப்பென்று கரும்புகை வந்தது. எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த நாலு வெள்ளை விரிப்புகளின் மேல் அது நிதானமாகப் போய்ப் படிந்தது.

"இன்னிக்கும் அவங்க துணிதானா?" என்றாள் வாசலில் நின்ற மனைவி.

"பெட்ரோல் கொஞ்சம் அதிகமாப் போகுது. வேற ஒண்ணுமில்ல."

"வீடெல்லாம் பெட்ரோல் வாடை. அடுப்புப் பத்தவைக்கவே பயமா இருக்குங்க."

அது அவருடைய அப்பாவின் கார். டாக்டருக்கு ஐந்து வயதிருக்கும்போது அப்பா இறந்துபோனார். சித்தப்பா காரை விற்றுவிட்டார். நாற்பத்திரண்டு வருஷம் கழித்து, நம்பரை வைத்துத் தேடி அலைந்து, நாலு கை மாறியிருந்த அந்தக் காரை டாக்டர் திரும்ப வாங்கியிருந்தார். அப்பாவின் முகம்கூட அவருக்குச் சரியாக நினைவில்லை. மடியில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு எங்கெங்கோ போனதும், அப்போது கேட்ட சத்தமும் மட்டும் மறக்கவில்லை. 'டுர்ர்ர்' என்று மெதுவான உறுமல். நடுநடுவே ஓர் இருமல்.

மெக்கானிக் வந்து பிளக்கைக் கழற்றிக் காட்டினார். கரிக்கட்டையாக இருந்தது. "காத்து கம்மி, பெட்ரோல் ஜாஸ்தி" என்று ஏர் ஃபில்டரை மாற்றி, கார்புரேட்டர் ஸ்க்ரூவை அரைத் திருகு உள்ளே தள்ளினார். புகை குறைந்தது. இன்ஜின் சீராக ஓடியது.

"இருமலைக் காணோமே?" என்றார் டாக்டர்.

"போயிடுச்சு சார்."

"அது இருக்கணும்ப்பா."

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே அவரைப் பார்த்தார். "இருமல் போகணும்னுதான் சார் ஊர்ல எல்லாரும் டாக்டர்கிட்ட போறாங்க. டாக்டரே வேணும்னு கேட்டா நான் எங்க போவேன்?"

அவர் போனதும் டாக்டரே ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். அரைத் திருகு வெளியே இழுத்தார். இருமல் வந்தது, ஆனால் அப்பா காலத்து இருமல் இல்லை, வேறு யாரோ இருமுவது போலிருந்தது. இன்னும் ஒரு திருகு. டமார் என்று வெடித்தது. எதிர்வீட்டு அம்மாள் விரிப்புகளை வாரிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

மறுநாள் கார் கிளினிக்குக்குப் போகும் வழியில் நின்றேவிட்டது. கன்னம் வீங்கிய நோயாளி ஒருவர்தான் தள்ளிக்கொண்டு வந்து சேர்த்தார். வாயைத் திறக்க முடியாததால் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

இந்தத் தடவை மெக்கானிக் கார்புரேட்டரையே பிரித்துப் போட்டார். "இதோ, மிதவை. தண்ணித் தொட்டியில இருக்கறது மாதிரிதான் சார். ஓட்டை விழுந்து முங்கிக் கெடக்கு. பெட்ரோல் நிக்காம வழிஞ்சிருக்கு."

புது மிதவை போட்டதும் கார் குழந்தை தூங்குவதுபோல ஓடியது. புகையில்லை, வாடையில்லை. மனைவி முதல் தடவையாகத் தானே வந்து முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். டாக்டர் முகத்தில்தான் ஈயாடவில்லை. சாயங்காலங்களில் இன்ஜினை ஓடவிட்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். யார் காரிலோ உட்கார்ந்திருப்பது போலிருந்தது.

"சரியானதுக்கு யாராவது மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவாங்களா?" என்றாள் மனைவி.

"அப்பா ஏதோ ஒரு தினுசா செட் பண்ணி வச்சிருக்கார். அது மட்டும் தெரிஞ்சாப் போதும்."

"யாரைக் கேப்பீங்க?"

"அத்தையை."

அத்தை அப்பாவின் தங்கை. அந்தக் காலத்தில் அதே வீட்டில் இருந்தவள். ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்கையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு டாக்டர் அவள் வீட்டுக்குப் போனார். அத்தை காரைச் சுற்றி வந்து, பானட்டைத் தடவிப் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். டாக்டர் இன்ஜினை ஓடவிட்டார்.

"நல்லாக் கேளுங்க அத்தை. அப்பா ஓட்டறப்போ நடுவுல ஓர் இருமல் வருமே, அது எப்படி வரும்? நீங்க சொன்னா இவர் இங்கயே வச்சுக் கொடுத்துடுவார்."

மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரோடு முன்னால் சாய்ந்தார். அத்தை இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்போ இதுல இன்ஜினே கிடையாதேடா. உங்கப்பன்தான் ஷெட்டுக்குள்ள உன்னை மடியில வச்சுக்கிட்டு, மூச்சு வாங்கி இருமல் வர்ற வரைக்கும் வாயாலயே உறுமிக்கிட்டிருப்பான்."