நான் நனைத்த ஒன்றாம் வகுப்பு

இரண்டாம் வகுப்பைத் தாண்டாதவள் நான். எழுத்துக் கூட்டி பஸ்ஸில் போட்டிருக்கும் ஊர்ப் பெயரைப் படிப்பேன். திருச்சுழி பஸ்ஸில் ஏறி காரியாபட்டியில் போய் இறங்க மாட்டேன். என் படிப்பு அவ்வளவுதான். ஆனால் ஒரே ஒரு எழுத்தை வைத்துக்கொண்டு ஒரு பள்ளிக்கூட வகுப்பையே நனைத்தவள் அருப்புக்கோட்டையில் நான் ஒருத்திதான். (பட்டம் வாங்குனவுக யாராவது செஞ்சு காட்டட்டும் பாப்போம்.)

அந்த எழுத்து 'ஸ்'.

கைப்பிள்ளைகளை ஒன்றுக்கு விடுவது எப்படி என்று இப்போது செல்போனைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள். எங்களுக்குக் கால்தான் எல்லாம். இரண்டு காலையும் நீட்டி உட்கார வேண்டும். இரண்டு பாதத்துக்கும் நடுவில் பிள்ளையை உட்கார வைத்து, 'உஸ்ஸ்ஸ்' என்று மெதுவாக இழுக்க வேண்டும். அவசரப்படக் கூடாது. பிள்ளை ஒரு நிமிஷம் யோசிக்கும். அப்புறம் காரியம் ஆகிவிடும்.

எங்கள் பக்கம் மழையைக் கண்ணால் பார்ப்பது அபூர்வம். காற்றுக்குத்தான் குறைச்சல் கிடையாது. கருவேல மரங்களுக்குள் புகுந்து புறப்பட்டு அதுவும் 'ஸ்ஸ்' என்றுதான் பேசும். மத்தியான வேளையில், எங்கேயோ தறி ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, பாதத்தில் ஒரு பிள்ளையின் சூடு இருக்க, நான் கண்ணை மூடி இழுத்துக்கொண்டே பாதித் தூக்கத்துக்குள் போய்விடுவேன். கண்மாய் பெருகி மறுகால் பாய்கிற மாதிரி இருக்கும். நான் கரையில் நடந்து போவேன். தவளை கத்தும். கண் விழித்தால் பாதம் நனைந்திருக்கும். அந்த வறண்ட பூமியில் நாள் தவறாமல் மழை பெய்த இடம் என் கால்தான்.

எங்கள் தெருப் பெண்களில் பாதிப் பேர் மில் வேலைக்குப் போகிறவர்கள். மில் வண்டி வந்ததும் பிள்ளைகளை என்னிடம் தள்ளிவிட்டு ஏறிவிடுவார்கள். அத்தனை பிள்ளைகளும் என் கால்மழையில் தேறியவைதான். எனக்கு ஏகப்பட்ட கர்வம். யார் வீட்டுப் பிள்ளையாவது படுக்கையை நனைத்தால், "எங்கிட்ட விட்டிருந்தா இப்படி ஆகுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன்.

அந்தக் கர்வத்தை உடைக்க என் வீட்டிலிருந்தே ஒருத்தி கிளம்பினாள். மகன் வயிற்றுப் பேத்தி பவித்ரா. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த கொஞ்ச நாளில், போட்டுப் போன பாவாடை ஒன்று, போட்டு வந்த பாவாடை வேறொன்று என்று வர ஆரம்பித்தாள். வகுப்பிலேயே போய்விடுகிறதாம். பிள்ளைகள் அவளுக்குக் 'குத்தாலம்' என்று பேர் வைத்துவிட்டார்கள். "ஏலே, குத்தாலம் வருது, சோப்பு எடுத்துக்கிட்டு வாங்கலே!" என்பார்களாம்.

பிள்ளை தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். அந்தக் கொளுத்தும் வெயிலிலும் பாட்டில் கொண்டு போனபடியே நிறைந்து திரும்பி வந்தது. அடுத்து வயிறு இறுகி, ரெண்டுக்குப் போக முடியாமல் அழுதாள். கடைசியில் ஒரு நாள் பையைக் கழற்றி மூலையில் எறிந்தாள். "நான் இனிமே பள்ளியோடம் போக மாட்டேன் அப்பத்தா. எப்பவுமே போக மாட்டேன்."

என்னைப்போல இன்னொருத்தி இரண்டாம் வகுப்பைத் தாண்டாமல் நிற்கப் போகிறாளே என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. என் மருமகளுக்கு அதைவிட.

என் வைத்தியத்தை ஆரம்பித்தேன். (சிரிக்கப்படாது.) எள்ளு தின்றால் ஒன்றுக்கு கட்டுப்படும் என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. காலையில் எள்ளுருண்டை. மத்தியானம் எள்ளுருண்டை. ராத்திரி எள்ளுப்பொடி. "ஆத்தா, பிள்ளைய செக்குல ஆட்டுனா எண்ணெய் வரும் போல" என்றான் என் மகன். போதாததற்கு, பொழுது சாய்ந்தால் தண்ணீர்க் குடத்தை ஒளித்து வைத்தேன். பிள்ளைக்கு வயிறு இன்னும் இறுகியது.

மருமகள் பொறுத்துப் பார்த்துவிட்டு, எங்கள் இருவரையும் டவுனில் ஒரு டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனாள். அந்தம்மா பவியின் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பாட்டி, பிள்ளைக்குத் தண்ணி குடுக்காதீங்கன்னு யார் சொன்னது?"

நான் மருமகளைப் பார்த்தேன். மருமகள் கூரையைப் பார்த்தாள்.

"தண்ணி குடிக்கலேன்னா மலம் இறுகும். இறுகினது மூத்திரப்பைய அழுத்தும். அப்ப அவசரம் தாங்காது. நல்லா தண்ணி குடுங்க. கீரை, பழம் குடுங்க. வயிறு இளக மருந்து தாரேன். பள்ளிக்கூடத்துல ஒவ்வொரு இடைவேளைக்கும், வந்தாலும் வராட்டியும் போய் உட்காரட்டும். முக்கியமா, திட்டாதீங்க. வேணும்னு செய்யல அவ." அப்புறம் பவியிடம் குனிந்து கேட்டார். "ஏன் கண்ணு, ஸ்கூல்ல ஒண்ணுக்குப் போறதில்லையா?"

"அங்க கதவுல தாப்பா இல்ல. எல்லாரும் தள்ளுவாங்கெ. அடக்கிக்கிருவேன்."

"அடக்கினா எப்ப வந்துருது?"

பவி தலையைக் குனிந்துகொண்டாள். "சத்தம் போடாதீங்கன்னு டீச்சர் வாயில விரல வச்சு உஸ்ஸுங்குவாங்க. அப்ப வந்துரும்."

மேலே ஃபேன் ஸ்ஸ் என்று சுற்றியது. அது நான் கற்றுக்கொடுத்த எழுத்து. பேச்சு வராத கைப்பிள்ளையாய் என் காலில் கிடந்தபோது கற்றதை, அந்தச் சின்ன உடம்பு மறக்காமல் கீழ்ப்படிந்து கொண்டிருக்கிறது. வகுப்பிலேயே சொல் பேச்சுக் கேட்கிற பிள்ளை அவள்தான். அதற்குத்தான் இந்தப் பேர்!

மறுநாள் அவளைப் பேசிப் பேசிச் சமாதானம் செய்து பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனேன். காலை இடைவேளையில் கக்கூஸ் கதவுக்கு முதுகைக் கொடுத்துக் காவல் நின்றேன். பவி நிம்மதியாகப் போய்விட்டு வந்தாள். அப்புறம் டீச்சர் ஓய்வாக இருக்கும் நேரம் பார்த்து, சோற்று மணி அடிக்கப் போகிற சமயத்தில் வகுப்புக்குள் நுழைந்தேன். மல்லிகா டீச்சர் சின்ன வயசு. நல்ல பிள்ளை. நான் சொன்னதைக் கேட்டுச் சிரிப்பை அடக்க முடியவில்லை அவளுக்கு.

"என்ன பாட்டி கதை விடுறீங்க? உஷ்ஷுன்னா எந்தப் பிள்ளைக்காச்சும் ஒண்ணுக்கு வருமா?"

"வரும் தாயி. ஒங்க உஷ்ஷுக்கே வருதுன்னா எங்க உஸ்ஸுக்கு வராதா?"

"நம்பவே முடியல."

"செஞ்சு காட்டவா?"

இதைத்தான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன். கேட்டதோடு நிற்காமல் தரையில் உட்கார்ந்து காலையும் நீட்டிவிட்டேன். பிள்ளைகள் வேடிக்கை பார்க்கச் சுற்றி வந்து நின்றார்கள். கண்ணை மூடினேன். மூச்சை இழுத்தேன்.

"உஸ்ஸ்ஸ்ஸ்ஸ்..."

என்ன சொல்ல! பழைய சுகம் வந்துவிட்டது. காற்று வந்தது, கருவேல மரம் வந்தது, கண்மாய் பெருகி வந்தது. நான் எங்கே இருக்கிறேன் என்பதே மறந்துபோச்சு. மூச்சு முட்டும்வரை இழுத்தேன். கரையில் நடந்தேன். தண்ணீர் மெல்ல வந்து என் காலைத் தொட்டது.

நிஜமாகவே தொட்டது.

கண்ணைத் திறந்தேன். எனக்கு நேர் எதிரே எங்கள் தெரு மில்காரி மகன் சொக்கிப்போய், டிரவுசர் நனைய நின்றுகொண்டிருந்தான். அவன் பக்கத்தில் அவன் அத்தை மகள். அதற்கடுத்து மாவு மில்காரர் பேரன். பெஞ்சு ஓரத்தில் இரட்டைப் பிள்ளைகள், இரண்டும் ஒன்றாக. எல்லாம் என் கால்மழைப் பிள்ளைகள்! தாப்பா இல்லாத கதவுக்குப் பயந்து காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தவர்கள். 'குத்தாலம்' என்று பேர் வைத்தவனும் அதில் உண்டு.

"அய்யய்யோ பாட்டி, நிறுத்துங்க!" என்று கத்தின மல்லிகா டீச்சர், சட்டென்று முகம் மாறி, விறுவிறுவென்று வெளியே போய்விட்டாள். அவளும் எங்கள் தெருவில் வளர்ந்தவள்தான் என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

பவி மட்டும் காய்ந்த பாவாடையோடு நடுவில் நின்றாள். ஒவ்வொருத்தரையும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் மெதுவாக ஏறியது.

"அப்பத்தா," என்றாள் ரகசியமாக, "எல்லாருக்கும் வருது!"

அப்புறம் பையிலிருந்து பாட்டிலை எடுத்து, எல்லோரும் பார்க்க, மடக் மடக்கென்று தண்ணீர் குடித்தாள்.

சாயங்காலம் மில் வண்டி வந்து நின்றதும் தாய்மார் நேராக என் வாசலுக்கு வந்தார்கள். "பிள்ளைய வளக்கச் சொன்னா பழக்கி வச்சிருக்கீகளே அத்த! சர்க்கஸா நடத்துறீக?" என்று ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். தலைமையாசிரியர் நான் பள்ளிக்கூட வாசலை மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஆனால் கழுவிவிட்ட ஆயா போட்ட சத்தத்தில் அந்த வாரமே கக்கூஸ் கதவுக்குத் தாப்பா வந்தது. மல்லிகா டீச்சர் அன்றிலிருந்து கைதட்டித்தான் வகுப்பை அடக்குகிறாள்.

பவிக்கு ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. மருந்து, கீரை, தண்ணீர், இடைவேளைதோறும் போய் உட்காருவது என்று மாசக்கணக்கில் ஆனது. பையில் மாற்றுப் பாவாடை இருந்தது. நனைந்த நாளில் மாற்றிக்கொண்டு வருவாள். நாங்கள் ஒன்றும் கேட்க மாட்டோம். குத்தாலம் என்று யாரும் கூப்பிடவில்லை. யார் எந்த வாயால் கூப்பிட?

இப்போது அவள் பன்னிரண்டாம் வகுப்பு. என்னைவிட உயரம். எனக்குத்தான் வயசாகி, வர வேண்டிய நேரத்தில் வராது, வரக் கூடாத நேரத்தில் வந்துவிடும். பாத்ரூமுக்குப் போனால் வெகுநேரம் உட்கார்ந்திருப்பேன். வெளியே பவி கதவில் சாய்ந்து நிற்பது தெரியும். வீட்டில் எல்லோரும் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு காத்திருப்பதும் தெரியும்.

"என்ன அப்பத்தா, வரலையா?"

"இல்ல தாயி."

"கண்ண மூடிக்க." மூச்சை இழுக்கிறாள். "உஸ்ஸ்ஸ்ஸ்..."

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நானும் சொல் பேச்சுக் கேட்கிற பிள்ளைதான்.