“ஒண்ணுமில்லீங்க” நோயாளி

உடம்புக்கு என்ன என்று யாராவது கேட்டால் உண்மையைச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. ஒருமுறை தென்னைமட்டை தோளில் விழுந்து தோப்பில் மல்லாந்து கிடந்தேன். ஓடிவந்தவர்களிடம், “ஒண்ணுமில்லீங்க, நீங்க போய் வேலையப் பாருங்க” என்றேன். (எழுந்திருக்கத்தான் முடியவில்லை.) அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுக்க எனக்கு அத்தனை கூச்சம்.

இப்பேர்ப்பட்டவளைத்தான் நோயாளியாக நடிக்கக் கூப்பிட்டார்கள்.

நந்தினி என் கடைசித் தம்பியின் மகள். கிணத்துக்கடவில் எங்கள் குடும்பத்திலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள்தான். நான் அஞ்சாம் வகுப்பு. கோயமுத்தூரில் ஓர் அறக்கட்டளை, எங்களைப் போன்ற வீட்டுப் பிள்ளைகள் மருத்துவத் துறைக்குள் நுழைய ஞாயிற்றுக்கிழமைதோறும் வகுப்பு நடத்தியது. கடைசியில் ஒரு தேர்வு. தேறினால் பெரிய ஆஸ்பத்திரியில் இதயத்தை எக்கோ எடுக்கும் படிப்பு, முழுச் செலவும் அவர்களுடையது. தேறாவிட்டால் தம்பி தான் வேலை பார்க்கும் மில்லிலேயே அவளுக்கும் இடம் சொல்லி வைத்திருந்தான்.

பாடத்தையெல்லாம் கரைத்துக் குடித்துவிடும் இந்தப் பிள்ளைகள், நோயாளி முன்னால் நின்றால் வாய் திறக்கத் தயங்குகிறார்களாம். அதனால் தேர்வுக்கு ஆளுக்கொரு வீட்டு ஆளை நோயாளியாக அழைத்துவரச் சொல்லியிருந்தார்கள். தம்பிக்கும் அவன் மனைவிக்கும் லீவு கிடைக்கவில்லை.

“அத்தை, நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாமுங்க. கேக்கறதுக்குப் பதில் சொன்னாப் போதும்” என்றாள் நந்தினி.

அது ஒன்றுதானே எனக்கு வராது!

ஆஸ்பத்திரி மாடியில் ஒரு டாக்டரம்மா என்னைத் தனியே உட்காரவைத்து என் வியாதியைச் சொல்லிக்கொடுத்தார். “காலையில இருந்து நெஞ்சு வலி. இடது கைக்கு எறங்குது. அவ கேட்டாத்தான் சொல்லோணும், சரிங்களா?” நான் பவ்யமாகத் தலையாட்டினேன். இடது கை எது என்று ஒருமுறை பார்த்தும் வைத்துக்கொண்டேன்.

அறைக்குள் போனால், நந்தினி வெள்ளைக் கோட்டில் நிற்கிறாள். பக்கத்தில் டாக்டரம்மாவோடு இன்னும் இரண்டு டாக்டர்கள். என் கண்ணே பட்டுவிடும்போல் இருந்தது.

“வணக்கமுங்க. உங்களுக்கு என்ன பண்ணுதுங்க?” என்றாள், முன்பின் தெரியாதவளைப் போல.

“ஒண்ணுமில்லீங்க” என்றேன்.

“எங்காச்சும் வலிக்குதுங்களா?”

“அதெல்லாம் இல்லீங்க.”

“பின்ன ஏனுங்க ஆஸ்பத்திரிக்கு வந்தீங்க?”

“சும்மாதானுங்க. அப்படியே உங்களையெல்லாம் பார்த்துட்டுப் போலாம்னு.”

ஒரு டாக்டர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். நந்தினியின் உதடு நடுங்கியது. அதைப் பார்த்ததும் மனசு கேட்காமல், “காலையில இருந்து ஒண்ணுமே சாப்பிடலயா கண்ணு?” என்று நான் அவளை விசாரிக்க ஆரம்பித்துவிட்டேன். நேரம் முடிந்து மணி அடித்தது. அவள் என்னைத் திரும்பியும் பார்க்காமல் வெளியே போனாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிள்ளையின் படிப்பை நாலு வார்த்தையில் முடித்துவிட்டேன். இப்போதாவது வியாதியைக் காட்டிவிட்டால், அவள் உள்ளே போய்ச் சொல்லிவிட மாட்டாளா? (என் மூளை அன்றைக்கு அவ்வளவுதான் வேலை செய்தது.) வராந்தாவுக்கு ஓடி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, “ஐயோ, நெஞ்சு வலிக்குதே! கைக்கு எறங்குதே!” என்று உட்கார்ந்துவிட்டேன். நடிப்பென்றால் அப்படி ஒரு நடிப்பு.

நந்தினி அங்கே இல்லை. முகம் கழுவப் போயிருந்தாள். வீல்சேர் தள்ளிக்கொண்டு வந்த ஆஸ்பத்திரி ஊழியர் ஒருவர்தான் இருந்தார். நல்ல மனுசன். என்னை அலுங்காமல் தூக்கி உட்காரவைத்து, லிஃப்டில் இறக்கி, நேரே அவசரப் பிரிவில் கொண்டுபோய் விட்டார். அவ்வளவு அக்கறையாகத் தள்ளிக்கொண்டு போகிறவரிடம் பொய் என்று எப்படிச் சொல்வது? சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நர்ஸம்மா வந்தார். “என்னம்மா பண்ணுது?”

“ஒண்ணுமில்லீங்க.” என் ஆயுசில் அந்த வார்த்தையை நான் உண்மையாகச் சொன்னது அன்றைக்குத்தான்.

“எங்கம்மாளும் இப்படித்தான். ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு சொல்லிச் சொல்லியே ஐசியு வரைக்கும் போனாங்க” என்றவர் திரும்பி, “டாக்டர், சீக்கிரம் வாங்க!” என்று குரல் கொடுத்தார்.

நெஞ்சில் வயர்களை ஒட்டினார்கள். கையில் ஊசி குத்திக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். இருக்கிற தைரியத்தையெல்லாம் திரட்டிச் சின்ன டாக்டரிடம் சொன்னேன்: “சாமி, நான் நோயாளி இல்லீங்க. நோயாளியா வந்தவ. மேல பரீட்சைல ஒழுங்கா வலிக்கலீங்க, அதான் வெளிய வந்து வலிச்சேன்.”

அவர் நர்ஸைப் பார்த்து, “பேச்சு குழப்பமா இருக்கு. தலைக்கு ஒரு ஸ்கேன் எடுத்துரலாம்” என்றார்.

ஸ்கேனுக்குக் கிளப்பும் நேரத்தில் நந்தினி ஓடிவந்தாள். என்னைக் காணாமல் மாடியெல்லாம் தேடியிருக்கிறாள். பின்னாலேயே டாக்டரம்மா. நந்தினியின் முகத்தில் நிஜமாகவே பயம். “வலிக்குதா” என்று அவள் கேட்கவில்லை. என் குணம் அவளுக்குத் தெரியாதா? கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

“அத்தை, காலையில மாட்டுக்குத் தண்ணி நீங்கதான் தூக்கிட்டுப் போனீங்களா?”

“நாந்தான் கண்ணு.”

“நடுவுல குடத்தை எறக்கி வெச்சீங்களா?”

“எதுக்கு எறக்கோணும்?”

“பஸ்ல எடம் கெடைச்சுதா?”

“உக்கடம் வரைக்கும் நின்னுட்டுத்தான் வந்தேன்.”

“மாடிப்படி ஏறறப்ப மூச்சு வாங்குச்சா?”

“உன்ற கூடத்தானே ஏறுனேன். உனக்குத்தான் வாங்குச்சு.”

வேலையைப் பற்றிக் கேட்டால் எனக்குப் பொய் வராது. நந்தினி எழுந்து, “நெஞ்சுல ஒண்ணும் இருக்காதுன்னு தோணுதுங்க டாக்டர். ஈசிஜி எப்படி இருக்குதுங்க?” என்று கேட்டாள். நல்லாத்தான் இருந்தது. குளுக்கோஸைக் கழற்றினார்கள். அதுவரை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்ற டாக்டரம்மா, நந்தினியை மேலே வரச் சொல்லிவிட்டுப் போனார்.

மேலே என்ன பேசினார்களோ, திரும்பி வந்தவள் என்னிடம் மூச்சுவிடவில்லை. உக்கடத்தில் பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு, “வெளிய வந்து வலிச்சீங்களா அத்தை?” என்று ஆரம்பித்தவள், ஊர் வந்து சேரும்வரை சிரிப்பை நிறுத்தவில்லை. இடம் கிடைத்துவிட்டதென்று அந்தச் சிரிப்பிலிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

இப்போது அவள் அதே ஆஸ்பத்திரியில் படிக்கிறாள். அறக்கட்டளைக்காரர்கள் புதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சி என்று என்னை வருசா வருசம் கூப்பிடுகிறார்கள். எனக்கு வியாதி எதுவும் சொல்லித்தருவதில்லை. உட்கார்ந்து “ஒண்ணுமில்லீங்க” என்றால் போதுமாம். என்னைச் சமாளித்த பிள்ளை யாரையும் சமாளிக்குமாம். வீட்டில் நான் கொஞ்சம் இருமினாலும், “ஏனுங்க அக்கா, வீல்சேர் சொல்லட்டுங்களா?” என்கிறான் தம்பி.

போன வாரம் தேங்காய் உடைக்கும்போது அரிவாள் கையில் பட்டுவிட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தம்பி எட்டிப் பார்த்துவிட்டுப் போன கொஞ்ச நேரத்தில் நந்தினி போன் செய்தாள்.

“என்ன அத்தை பண்றீங்க?”

“ஒண்ணுமில்ல கண்ணு.”

“சரிங்க. எந்தக் கை?”